ஞாயிறு பளிச்சென்று இருக்கும்

குற்றாலத்தில் வீடு வைத்திருப்பவனுக்கு ஜூன் மாதம் பிறந்தால் சொந்தபந்தம் பெருகிவிடும். மற்ற மாதங்களில் அவன் இருக்கிறானா போய்விட்டானா என்று யாருக்கும் தெரியாது. சாரல் விழுந்த இரண்டாம் நாள் போன் அடிக்கும். எடுத்ததும் சௌக்கியமா என்று கேட்பவர்கள் குறைவு. "தண்ணி விழுதாடே?" என்பதுதான் முதல் பேச்சு. விழுகிறது என்று சொல்லிவிட்டால் போதும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசல் நிறையச் செருப்பு கிடக்கும்.

இன்ஸ்பெக்டர் மகாராஜா சார், இதை ஏன் இங்கிருந்து தொடங்குகிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். காலையில் நான் வாயால் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். "அண்ணாச்சி, வானிலை சொன்னதுக்கெல்லாம் கேஸ் போட்டா டிவிக்காரன் பூரா பேரையும்லா உள்ள வைக்கணும். வீட்டம்மா போன துக்கம், மனசு சரியில்ல. வீட்டுக்குப் போங்க" என்றீர்கள். நான் போனை உங்கள் மேஜையில் வைத்து, அந்த வாரத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிய பிறகுதான் காகிதம் கொடுத்தீர்கள். ஆதியிலிருந்து எழுதச் சொன்னீர்கள், ஆதியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு அவசரம் இல்லை. மனசும் சரியாகத்தான் இருக்கிறது.

என் பெயர் நெல்லையப்பன். வயது ஐம்பத்தொன்பது. ஐந்தருவி ரோட்டில் சொந்த வீடு. பிள்ளைகள் இல்லை. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் ஆய்வக உதவியாளராக வேலை பார்த்தேன். அந்தப் பள்ளி மைதானத்தில் ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலை எட்டரை மணிக்கு அதைப் பார்த்து எழுதும் வேலையை யாரும் எனக்குத் தரவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். அந்தப் பழக்கம் முற்றி, ரேடார் படம், காற்றின் திசை, வெளிநாட்டுக்காரன் போடும் கணிப்பு எல்லாம் படிக்கக் கற்றுக்கொண்டேன். வாட்ஸ்அப் வந்ததும் 'குற்றாலம் தண்ணி நிலவரம்' என்று ஒரு குழு ஆரம்பித்தேன். அது நிரம்பி இரண்டு, மூன்று, நான்கு என்று ஆயிற்று. மெயினருவியில் எவ்வளவு, ஐந்தருவியில் எத்தனை கிளை, பழைய குற்றாலத்தில் குளிக்கத் தடை உண்டா இல்லையா, எல்லாம் காலை ஏழுக்குள் போட்டுவிடுவேன். மதுரைக்காரன், விருதுநகர்க்காரன், நாகர்கோவில்காரன் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். பத்து வருடத்தில் என் பேச்சைக் கேட்டு வந்து தலை நனையாமல் திரும்பியவன் ஒருத்தன் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. வாக்குமூலத்துக்கு இது வேண்டும்.

சண்முகநாதன் என் பெரியப்பா மகன். என்னைவிட நான்கு வயது மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். சென்னையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி வித்யாலட்சுமி எனக்கு மைனி. அவர்களுக்கு ஒரே மகன், முத்துகுமரன், பெங்களூரில் வேலை. இருபத்திரண்டு சீசன் இவர்கள் என் வீட்டில் தங்கிக் குளித்திருக்கிறார்கள். தனியாக வந்ததே கிடையாது. மைனியின் தங்கச்சி குடும்பம், அண்ணாச்சியின் ஆபீஸ் நண்பர், அந்த நண்பரின் சம்பந்தி என்று பத்துப் பதினைந்து பேராகத்தான் வருவார்கள்.

அத்தனை பேருக்கும் பொங்கிப் போட்டவள் என் மனைவி உமா மகேஸ்வரி. விடிந்ததும் நல்லெண்ணெய் காய்ச்சிக் கொடுக்க வேண்டும். தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போய்விட்டுப் பசியோடு வருவார்கள். அருவியில் குளித்தவன் பசி எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் வேலை பார்க்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இட்லியை ஈடு ஈடாக எடுக்க எடுக்கத் தட்டு காலியாகும். மத்தியானம் சொதி வேண்டும், அதற்கு இஞ்சித் துவையல் வேண்டும், உருளைக்கிழங்கு வேண்டும். சாயங்காலம் வடை. இடையில் இரண்டாவது குளியல், மூன்றாவது குளியல். கட்டில், நாற்காலி, ஜன்னல் கம்பி என்று ஒரு இடம் விடாமல் ஈரத்துணி தொங்கும். "உமா கைப்பக்குவம் ஒருத்திக்கும் வராது" என்று மைனி வாய் நிறையச் சொல்லுவார். சொல்லிக்கொண்டே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளாவது, அடுப்பை அணைத்துவிட்டு நீயும் வா என்று உமாவை யாரும் கூப்பிட்டதில்லை. ஐந்தருவிக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தவள் அருவியில் குளித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் பதினான்கு பேர். காலையில் அண்ணாச்சி குடும்பம் என் காரை எடுத்துக்கொண்டு பழைய குற்றாலத்துக்குப் போய்விட்டது. மற்றவர்கள் வேனில் பின்னாலேயே போனார்கள். ஒன்பது மணிக்கு உமா அடுக்களையில் மாவுப் பாத்திரத்தைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் வேர்வை. பேச வரவில்லை. அண்ணாச்சிக்குப் போன் அடித்தேன். அது என் வீட்டு ஃப்ரிட்ஜின் மேலேயே அடித்தது. மைனிக்கு அடித்தேன், அதுவும் அங்கேயே அடித்தது. அருவிக்குப் போகிறவர்கள் போனை நனைப்பார்களா? எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆம்புலன்ஸ் கூட்டத்துக்குள் வந்து சேர நேரமாகும் என்றார்கள். ரோட்டில் ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்தேன்.

சீசன் ஞாயிறு சார். தென்காசிக்கு ஆறு கிலோமீட்டர் போக ஐம்பது நிமிடம் ஆயிற்று. எதிரே வந்த வேன்களில் தலையைத் துவட்டிக்கொண்டு பாட்டுப் பாடினார்கள். காசிமேஜர்புரம் தாண்டும்போது உமாவின் தலை என் தோளில் சாய்ந்தது. ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கூடக் கொண்டு போகவில்லை, வாசலிலேயே பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

நான் அவளைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தி, அக்கம்பக்கத்தார் கூடிக்கொண்டிருந்த நேரத்தில் என் கார் வந்து நின்றது. அண்ணாச்சி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். "இன்னிக்குத் தண்ணி பிரமாதம்டே நெல்லையப்பா. வரவே மனசில்ல" என்றார். உள்ளே நடந்தது தெரியாமல்தான் சொன்னார் என்று அன்றிலிருந்து எத்தனையோ பேர் எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

பதினாறாம் நாள் மைனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பூவும் பொட்டுமா போயிட்டா தம்பி. குடுத்து வச்சவ" என்றார். அடுத்த வருடம் ஜூன் மாதம் முதல் சாரல் விழுந்தது. இரண்டாம் நாள் போன் அடித்தது. "தண்ணி விழுதாடே?" என்றார் அண்ணாச்சி. நான் பதில் சொல்வதற்குள், "சாப்பாட்டுக்கு நீ ஒண்ணும் மெனக்கெடாண்டாம். மெஸ்ல சொல்லிக்கிடலாம்" என்றார். அதைக் கரிசனம் என்று அவர் உண்மையாகவே நினைத்தார். விழுகிறது, வாருங்கள் என்றேன். வந்தார்கள். நான் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு ஜன்னல் கம்பியில் மறந்துவிட்டுப்போன ஈரத்துண்டு ஒன்று கிடந்தது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். என் கோபம் கத்துகிற கோபம் இல்லை சார். அது ஜீரணம் ஆகாத சோறு. வயிற்றிலேயே கிடக்கும்.

இந்த வருடம் சித்திரையில் தென்காசியில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அண்ணாச்சியும் மைனியும் வந்து வழக்கம்போல என் வீட்டில் இறங்கினார்கள். முத்துகுமரனும் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். புதன்கிழமை கல்யாணம் முடிந்து, மத்தியானம் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். ஏப்ரல் மாதம், அருவியில் வெறும் பாறைதான். அண்ணாச்சிக்கு அதில் பெரிய மனக்குறை.

"இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு குளி குளிக்காமப் போறதா?" என்று போனை நோண்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். "ஏட்டி வித்யா, வெள்ளிக்கிழமை அந்தமானுக்கு டிக்கெட் கிடக்கு. ஓட்டல்காரனும் பாதி ரேட்டுக்குத் தாரான். முப்பத்தஞ்சாவது கல்யாண நாள் வருதுல்லா, போவோமா?"

"டிவியில வங்காள விரிகுடால காத்தழுத்தம்னு சொல்லுதான். புயல்ல போயி மாட்டிக்கிடவா?" என்றார் மைனி.

"அதுக்குத்தான் நம்ம வீட்டுலயே ஆள் இருக்கே. ஏடே நெல்லையப்பா, நீ பாத்துச் சொல்லு. நீ சரின்னா பட்டனைத் தட்டுதேன். வேண்டாம்னா வேண்டாம்."

இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள் சார். வேண்டாம் என்றால் வேண்டாம். அவர் விரல் போனின் மேல் காத்திருந்தது.

நான் கால்மணி நேரம் பார்த்தேன். வங்கக்கடல் தாழ்வு வடக்கே மியான்மர் பக்கமாக ஒதுங்கிவிடும் என்று எல்லாக் கணிப்பும் ஒரே மாதிரி சொன்னது. அந்தமானில் வார இறுதியில் மழை இல்லை, காற்றும் இல்லை. புயலைப் பற்றிக் கேட்பவன் அதோடு நிறுத்திவிடலாம். நான் நிறுத்தவில்லை. யாரும் பார்க்காத இன்னொரு படத்தையும் திறந்தேன். தெற்கே, நம் நாட்டையெல்லாம் தாண்டி, பனிக்கடலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சூறைக்காற்று முந்தின நாள் வீசியிருந்தது. அங்கே காற்று கடலைப் புரட்டினால் அந்த அலை அப்படியே கிளம்பி வடக்கே வரும். நாலைந்து நாள் ஆகும். வந்து சேரும் இடத்தில் காற்று இருக்காது, மேகம் இருக்காது, வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். சாதாரண நாளில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் எட்டு, பத்து நொடி இடைவெளி என்றால், இதில் இருபது நொடி. உயரம் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் வருவது அலை இல்லை, கடலே எழுந்து கரைக்குள் நடந்து வரும். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், கேரளத்து மீன்பிடிக்காரர்கள் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். அந்தப் படத்தில் அந்தமானின் மேற்குக் கரையில் ஞாயிற்றுக்கிழமை முற்பகலுக்கு நேரே சிவப்பு இருந்தது.

"புயல் இல்ல அண்ணாச்சி. தாராளமா போகலாம்" என்றேன்.

இதில் ஒரு சொல்லாவது பொய் இருந்தால் காட்டுங்கள். புயலைக் கேட்டார், புயலுக்குப் பதில் சொன்னேன். அவர் பட்டனைத் தட்டினார். மைனிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எந்த நாள் தம்பி கடல்ல எறங்கலாம்?" என்று கேட்டார். சனிக்கிழமை ஊரைச் சுற்றிப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போங்கள், ஞாயிறு பளிச்சென்று இருக்கும் என்றேன். மேற்குக் கரையில் மணல் நன்றாக இருக்கும் என்றும் சொன்னேன். அதுவும் உண்மைதான். அங்கே மணல் நன்றாக இருக்கும்.

நம் ஊர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீரால் ஆபத்து வருமா என்று பார்க்க அவர்கள் தலையைத்தான் தூக்குவார்கள். மலை உச்சியில் கருப்பாகக் கட்டினால் வெள்ளம் வரும். தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுந்தால், இலை தழை சேர்ந்து விழுந்தால், விசில் ஊதும் முன்னே விலகிவிட வேண்டும். மலை வெளுத்து இருந்தால் குழந்தையைக்கூட அருவிக்கடியில் நிறுத்தலாம். இருபத்திரண்டு சீசனில் அண்ணாச்சி கற்றுக்கொண்டதும் இதுதான். கற்றுக்கொடுத்தது நான். கடலுக்கும் இதுதான் சட்டம் என்று அவர் நினைப்பார் என்பது எனக்குத் தெரியும். வானத்தைப் பார்ப்பார், வானம் வெளுத்திருக்கும், இறங்குவார்.

வியாழக்கிழமை காலையில் முத்துகுமரன் வந்து, "சித்தப்பா, நானும் அம்மா அப்பா கூடப் போறேன். லீவு போட்டாச்சு" என்றான். அவனைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும். அந்தக் குடும்பத்தில் உமாவுக்காக வாய்விட்டு அழுதவன் அவன் ஒருத்தன்தான். சின்ன வயதில் மற்றப் பிள்ளைகள் அருவிக்கு ஓடும்போது, "சித்தி, நான் உனக்குத் தேங்கா திருவித் தாரேன்" என்று அடுக்களையில் உட்கார்ந்திருப்பான். காரியம் எல்லாம் முடிந்து ஊருக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குப் போன் செய்தவன். தண்ணீர் விழுகிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அடுக்களைக்குப் போய்க் காப்பி போட்டேன். அவனுக்கு ஒரு தம்ளர், எனக்கு ஒரு தம்ளர். அவனைத் தனியாகக் கூப்பிட்டு நீ மட்டும் போகாதே என்றால் ஏன் என்று கேட்பான். புத்திசாலிப் பையன், காரணம் தெரியாமல் விடமாட்டான். காப்பியைக் குடித்து முடித்தேன். "நல்லா குளிச்சிட்டு வாடே" என்றேன்.

வெள்ளிக்கிழமை விமானம் ஏறும் முன் அண்ணாச்சி, எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிடு, அப்போதுதான் மறக்காது என்றார். அனுப்பினேன். அந்தச் செய்தி என் போனில் அப்படியே இருக்கிறது, நீங்களும் படித்தீர்கள். 'ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் மேற்குக் கரை. மழை இல்லை, புயல் இல்லை. அலை நிதானமாக வரும். நம் அருவியில் நிற்பதுபோல முதுகைக் காட்டி நின்றால் சுகமாக இருக்கும்.'

இந்தக் கடைசி வரியைப் படித்தபோதுதான் உங்கள் முகம் மாறியது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னதாக மேலே எழுதினேன். இந்த வரியை யாரும் கேட்கவில்லை. சரி, இதை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அருவிகளில் தண்ணீர் இல்லை என்று குழுவில் வழக்கமான நிலவரம் போட்டேன். தோசை சுட்டுச் சாப்பிட்டேன். வேட்டி சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். பன்னிரண்டே முக்காலுக்கு அண்ணாச்சியிடமிருந்து போன். ஒரு சத்தம் மட்டும் வந்தது. பிறகு வேறொருவர் போனை வாங்கிப் பேசினார். அந்த ஊரில் கார் ஓட்டும் தமிழர், வேல்ராஜ் என்று பெயர்.

நடந்ததை அண்ணாச்சி பிறகு என்னிடம் சொன்னார். வேல்ராஜ் காலையிலேயே தடுத்திருக்கிறார். "சார், இன்னைக்குக் கடல் ஏறி வரும்னு சொல்லியிருக்காங்க. மேற்கு ஓரம் வேணாம், உள்பக்கம் போவோம்" என்றாராம். அண்ணாச்சி வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறார். ஒரு பொட்டு மேகம் இல்லை. என் செய்தியைக் காட்டி, "எங்க ஊர்ல ஒருத்தன் இருக்கான்யா. அவன் சொன்னா அருவியே கேக்கும்" என்று சொல்லியிருக்கிறார். வேல்ராஜ் இரண்டாம் தடவையும் சொல்லிப் பார்த்துவிட்டு, வண்டியை வாடகைக்கு எடுத்தவரோடு எவ்வளவுதான் மல்லுக்கட்டுவது என்று விட்டுவிட்டார்.

மைனியும் முத்துகுமரனும் முழங்கால் ஆழத்தில் கைகோத்து நின்றார்கள். அண்ணாச்சி கரையில் நின்று வீடியோ எடுத்தார். அந்த வீடியோவை என்னிடம் காட்டியபோது அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முழுவதும் பார்த்தேன். இரண்டு பேரும் கடலுக்கு முதுகைக் காட்டி, தலையைக் குனிந்து, தோளைக் கொடுத்து நிற்கிறார்கள், ஐந்தருவியில் நிற்பதைப் போலவே. மைனி சிரிக்கிறார். முதல் அலை முதுகில் அடித்ததும், "அப்பா, நம்ம ஊரு மாதிரியே இருக்குப்பா" என்று முத்துகுமரன் கத்துகிறான். அதற்குப் பிறகு தண்ணீர் பின்வாங்குகிறது. வெகுதூரம் பின்வாங்குகிறது. கடலைப் பார்த்து நிற்பவனுக்கு ஓடிவிட நேரம் இருந்திருக்கும். இருபது நொடி குறைந்த நேரம் இல்லை. அருவிக்கு நிற்பவன் திரும்பிப் பார்ப்பதில்லை.

வீடியோவில் நேரம் இருந்தது. பத்து நாற்பது. நான் பத்தரை என்று கணித்திருந்தேன்.

மைனி அன்று சாயங்காலமே கரை ஒதுங்கினார். முத்துகுமரன் மறுநாள். அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். அவர் தண்ணீரில் இறங்கவே இல்லை. என் கோபம் யார் மேல் இருந்ததோ அவர் மணலில் காய்ந்த சட்டையோடு நின்றிருந்தார். இதை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. கல்யாண நாளுக்குப் போனவர் பெண்டாட்டியோடு சேர்ந்து இறங்காமல் படம் பிடித்துக்கொண்டிருப்பார் என்று யார் நினைப்பார்கள்?

காரியத்துக்குச் சென்னை போனேன். அங்கே அண்ணாச்சி எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மேல தப்பில்லடே. நீ புயல் இல்லன்னே, புயல் வரலையே. கடல் ஏமாத்திட்டு" என்று அழுதார். அழட்டும். அவர் அழுவதை நான் பார்க்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன். ஆனால் பந்தலில் மற்றவர்கள் பேசியது வேறு. மைனியின் தங்கச்சி புருஷன், "என்ன இருந்தாலும் நெல்லையப்பன் கணக்குத் தப்பிட்டுல்லா" என்றார். "அருவி பாக்கத் தெரிஞ்சவனுக்குக் கடலு தெரியுமா?" என்று இன்னொருவர். "ஏதோ யூட்யூபைப் பாத்துச் சொல்லுதவன்" என்று ஒருத்தி. பேச்சு ஊருக்கும் வந்துவிட்டது. குழுக்களிலிருந்து தினமும் இருபது முப்பது பேர் வெளியேறுகிறார்கள். பழைய பேட்டையில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவன் புதிதாக ஒரு குழு ஆரம்பித்திருக்கிறான். ரேடார் படத்தில் மேகத்துக்கும் மலைக்கும் வித்தியாசம் தெரியாதவன். ஜனம் அவனிடம் போகிறது.

இந்த ஜூனில் முதல் சாரல் விழுந்தது. இரண்டாம் நாள் என் போன் அடிக்கவில்லை. மூன்றாம் நாளும் அடிக்கவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு இன்று காலை உங்களிடம் வந்தேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் கணிப்பு தவறிவிட்டது என்று இருக்கக் கூடாது. அலை எங்கிருந்து கிளம்பியது, எந்தக் கரைக்கு வரும், எத்தனை மணிக்கு வரும் என்று புதன்கிழமை மத்தியானமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். வித்யாலட்சுமியையும் முத்துகுமரனையும் கொன்றது கடல் இல்லை, நான். சண்முகநாதனும் சாக வேண்டும் என்றுதான் அனுப்பினேன். என் உமாவுக்கு இவர்கள் செய்ததற்கு இது ஈடு. இந்த வாக்குமூலத்தில் ஒரு நகல் அந்தத் தங்கச்சி புருஷனுக்கும் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இதோடு கையெழுத்துப் போடப் போனேன். அதற்குள் நீங்கள் எழுந்து வெளியே போனீர்கள். கால்மணி நேரம் கழித்து வந்தீர்கள். சென்னைக்குப் போன் போட்டு அண்ணாச்சியிடம் பேசியிருக்கிறீர்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. உட்காராமல் நின்றுகொண்டே, "வீட்டம்மா போன அன்னிக்கு அவங்களைக் காரை எடுத்துட்டுப் போகச் சொன்னது யாரு அண்ணாச்சி?" என்று கேட்டீர்கள்.

அதையும் எழுதுகிறேன். மறைக்க வேண்டும் என்றால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். அன்று ஆறே முக்காலுக்கே உமா, இடது கை குடைகிறது, மூச்சு பிடிக்கிறது என்றாள். நான் குழுவில் நிலவரம் போட்டுக்கொண்டிருந்தேன். பழைய குற்றாலத்தில் தடையை எடுத்துவிட்டதாக அப்போதுதான் தகவல் வந்தது, அதை எனக்கு முன்னால் வேறு எவனும் போட்டுவிடக் கூடாது. இந்த இட்லியை மட்டும் இறக்கிவிட்டுப் படுத்துக்கொள் என்றேன். அண்ணாச்சி அடுக்களையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "உமா மொகம் நல்லால்லயேடே. கார்ல கூட்டிட்டுப் போயி டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துருவோம். அருவி எங்க போயிரப் போவுது?" என்றார். "வெறும் வாயு அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன். கூட்டம் சேரதுக்குள்ள போயிட்டு வாங்க" என்று சாவியை அவர் கையில் கொடுத்து அனுப்பினேன். பன்னிரண்டு மணி வரை தண்ணீர் குறையாது, மறுபடி தடையும் வராது என்றேன். குறையவில்லை, தடையும் வரவில்லை. அன்று அங்கே குளித்த யாரை வேண்டுமானாலும் நீங்கள் கேட்டுப் பார்க்கலாம்.